உங்களுக்குத் தெரியுமா? தூக்கப் பாக்கி

● விடியற்காலை 5 மணிக்கு எழுந்தவர் ராத்திரி 10 மணிக்குக் காரை எடுக்கிறார். ஒரு சொட்டு மது கிடையாது. போலீஸ்காரர் நீட்டும் கருவியில் ஊதினால் பூஜ்யம்தான் காட்டும். ஆனால் அவர் கண் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கணக்குப்படி, அந்த நேரத்தில் கண்ணும் கையும் ஒத்துழைக்கும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்திய மோட்டார் வாகனச் சட்டம் விட்டுவைப்பது 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராம், அதாவது 0.03 சதவீதம். 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10-க்குச் சமம். கல்யாண வீட்டில் ராத்திரி முழுக்க ஓடியாடிவிட்டு, முகூர்த்தம் முடிந்த கையோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறாரே மாமா, அவரை எந்தக் கருவியும் பிடிக்காது.

● 1963 டிசம்பர் கடைசி. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயதுப் பையன், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு சோதனையில் இறங்கினான்: தூங்காமல் எத்தனை நாள் தாங்கலாம்? தாங்கியது 264 மணி நேரம், பதினோரு நாள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து தூக்க ஆய்வாளர் வில்லியம் டிமென்ட் ஓடிவந்து கூடவே உட்கார்ந்தார். கடற்படை மருத்துவர் ஜான் ராஸ் குறிப்பெடுத்தார்.

நாலாம் நாள் தெருப் பலகை மனிதனாகத் தெரிந்தது. தானே ஒரு பெரிய ஃபுட்பால் வீரன் என்று பையன் நம்பினான். கடைசி நாளில் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். 65 வரை வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஏன் நிறுத்தினாய் என்றால், என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே அவனுக்கு நினைவில்லை. அதே பையன்தான் கடைசி ராத்திரியில் பின்பால் விளையாட்டில் டிமென்டைத் தோற்கடித்தான். உலகமெல்லாம் இந்தப் பின்பால் கதையைத்தான் சொல்லிச் சொல்லி, தூக்கமின்மை ஒன்றும் செய்யாது என்று கொஞ்ச காலம் நம்பவும் செய்தது. 65-இல் நின்றுபோன கணக்கு பின்னால் தள்ளப்பட்டது.

சோதனை முடிந்ததும் 14 மணி நேரத்துக்கு மேல் தூங்கி எழுந்தான். முழுதாகத் தேறிவிட்டான் என்றார்கள். வயதான காலத்தில் தூக்கம் வராத வியாதி வந்து வருஷக்கணக்கில் படுத்தியதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அன்றைய விழிப்புதான் காரணமா என்று நிரூபிக்க வழியில்லை.

● சாதனைப் பைத்தியங்கள் எத்தனையோ பேருக்கு இடம் தரும் கின்னஸ், ‘அதிக நேரம் தூங்காதிருந்தவர்’ என்ற பிரிவை மட்டும் மூடிவிட்டது. உடம்புக்கு ஆபத்து என்பதே காரணம். விமானத்திலிருந்து குதிக்கலாம், தூங்காமல் இருக்கக் கூடாது!

● கார்ட்னருக்கு முன்னால், 1959-இல், நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடி வானொலி அறிவிப்பாளர் பீட்டர் டிரிப் 201 மணி நேரம் விழித்திருந்தார். நன்கொடை திரட்டுவதற்காக. கடைசிப் பக்கம் இல்லாத பூச்சிகளெல்லாம் கண்ணில் தெரிய, சோதிக்க வந்த டாக்டரைக் கண்டே மிரண்டார்.

● இனி இந்தப் பக்கத்திலேயே முக்கியமான செய்தி. பதினோரு நாள் விழிப்பவர்கள் உலகில் நாலு பேர். தினம் ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு ‘எனக்கு இது போதும்’ என்கிறவர்கள் கோடிப் பேர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டோங்கனும் டேவிட் டிங்கஸும் ஆரோக்கியமான ஆட்களைக் கூட்டிவந்து சிலரை 4 மணி, சிலரை 6 மணி, சிலரை 8 மணி நேரம் என்று இரண்டு வாரம் படுக்கவைத்தார்கள். முடிவு 2003-இல் வெளியானது. எட்டு மணிக்காரர்கள் கிட்டத்தட்ட நிலையாக இருந்தார்கள். மற்றவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. 14 நாள் முடிவில் ஆறு மணிக்காரர்களின் தடுமாற்றம், ஓரிரண்டு இரவு பொட்டுக் கண் மூடாதவர்களின் தடுமாற்றத்துக்கு ஈடாக இருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம், ‘தூக்கம் வருகிறதா?’ என்று கேட்டபோது அவர்கள் சொன்ன பதில். முதல் சில நாள் வருகிறது என்றவர்கள், பிறகு ‘கொஞ்சம்தான்’ என்று அதே இடத்தில் நின்றுவிட்டார்கள். திறமை இறங்கிக்கொண்டிருக்க, இறங்குவது தெரியவில்லை. தூக்கம் கெட்டவரிடம் போய் ‘தூக்கம் போதுமா?’ என்று கேட்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அளக்க வேண்டிய மூளைதான் களைத்துக் கிடக்கிறதே.

● ‘நான் நாலு மணி நேரம்தான் தூங்குவேன்’ என்று பெருமையடிக்கும் தலைவர்கள், முதலாளிகள் எல்லா ஊரிலும் உண்டு. உண்மையிலேயே குறைந்த தூக்கத்தில் குறையில்லாமல் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் யிங்-ஹுய் ஃபூ குழு 2009-இல் ஒரு தாயையும் மகளையும் கண்டுபிடித்தது. ஆறு மணி நேரம் சொச்சம் தூங்கி அலாரம் இல்லாமல் எழுகிறவர்கள். டெக்2 என்ற மரபணுவில் ஒரு சின்ன மாற்றம். மிக அபூர்வம். பெருமை பேசுகிறவர் மதியக் கூட்டங்களில் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறாரா என்று பார்த்தால் அவர் எந்த ரகம் என்பது விளங்கிவிடும்.

● தூங்காத மூளை அனுமதி கேட்காமல் தானே சில வினாடி அணைந்துகொள்ளும். ஒரு வினாடியும் ஆகலாம், பத்துப் பதினைந்தும் ஆகலாம். கண் திறந்திருந்தபடியே கூட நடக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி 22 மீட்டர் போகிறது. மூன்று வினாடி என்றால் 66 மீட்டர், ஓட்டுநர் இல்லாமல். விழித்ததும் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

பின்னிரவில் நம் நெடுஞ்சாலைகளில் போலீசார் லாரியை ஓரங்கட்டி முகம் கழுவச் சொல்லி அனுப்புவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தண்ணீரின் குளிர்ச்சி கொஞ்ச நேரத்தில் போய்விடும். தூக்கக் கடன் அப்படியே இருக்கும். சட்டமோ 1961-லேயே எழுதிவிட்டது: மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். சரக்கை விடிவதற்குள் இறக்கினால்தான் வாடகை என்று பேசியிருக்கும் லாரிக்காரர் முகத்தை மட்டும் கழுவி என்ன செய்ய?

● 2010 மே 22 காலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். விமானி அறையின் ஒலிப்பதிவில் நீண்ட நேரம் கேட்டது கேப்டனின் மூச்சும் குறட்டையும்தான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது நீண்ட தூக்கத்திலிருந்து எழுந்த பிறகு வரும் மந்தத்தை. ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்பப்பட்ட மூளை முழுதாக விழிக்கச் சில நேரம் அரை மணிக்கும் மேல் பிடிக்கும். அந்த அரை மணியில் முடிவெடுக்கும் திறன் படு மோசம். தரையிறங்கும் வேளை அதற்குள் வந்துவிட்டது.

● அதற்காக விமானி கண் அயரவே கூடாது என்று சொல்வதற்கில்லை. பசிபிக் கடலைத் தாண்டும் நெடும்பயணங்களில் நாசா சோதித்துப் பார்த்தது: மற்றவர்கள் ஓட்ட, ஒருவருக்கு 40 நிமிட ஓய்வு. சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். தூங்காதவர்களோடு ஒப்பிட்டால் செயல்திறன் 34 சதவீதமும் விழிப்பு 54 சதவீதமும் மேல். சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. கோழித்தூக்கம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற அளவோடு எழுந்துவிட்டால் அந்த மந்தம் ஒட்டாது.

● த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து, 1979: அதிகாலை 4 மணி. போபால் விஷவாயுக் கசிவு, 1984: நள்ளிரவையொட்டி. செர்னோபில் அணு உலை, 1986: அதிகாலை 1.23. எக்ஸான் வால்டீஸ் எண்ணெய்க் கப்பல், 1989: நள்ளிரவு தாண்டிச் சில நிமிடம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காரணங்கள் உண்டு. போபாலுக்குத் தூக்கத்தைக் காரணம் காட்டினால் அது கம்பெனியைத் தப்பவிடுவதாகும். ஆனாலும் மனித உடம்பின் வெப்பமும் விழிப்பும் தாழ்ந்து கிடக்கும் வேளையில்தான் இவ்வளவும் நடந்தன என்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

● விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. சேரச் சேரக் கண் சொருகும். தூங்கினால் கரையும். காபியில் இருக்கும் கஃபீன், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. அசதி போய்விட்டது போலத் தோன்றும். அடினோசின் வெளியே காத்துக்கொண்டுதான் இருக்கும். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம். சாயங்காலம் 6 மணிக்கு டபரா நிறைய டிகிரி காபி குடித்தவருக்கு ராத்திரி 11 மணிக்கும் அரை டபரா உள்ளேதான்.

● இது சென்னைக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய, கொஞ்சம் வருத்தமும் பட வேண்டிய ஆய்வு. ஹார்வர்ட், எம்.ஐ.டி. பொருளாதார அறிஞர்கள் (கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் முதலானோர்) சென்னையின் ஏழைத் தொழிலாளர்கள் 452 பேரைக் கணினியில் தரவு பதிக்கும் வேலைக்கு ஒரு மாதம் அமர்த்தி, கையில் தூக்கத்தை அளக்கும் பட்டை கட்டினார்கள். 2021-இல் அச்சான முடிவு இது: அவர்கள் பாயில் கிடந்தது எட்டு மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம். ஓர் இரவில் முப்பது தடவைக்கு மேல் விழிப்பு.

புழுக்கம், கொசு, தெருச் சத்தம், ஒரே அறைக்குள் முழுக் குடும்பம் என்று காரணங்களை நாமே அடுக்கலாம். ஆய்வாளர்கள் ஒரு பகுதியினருக்கு மெத்தை, மின்விசிறி, காதடைப்பான், கண்பட்டை எல்லாம் கொடுத்தார்கள். சிலருக்குக் கூடுதலாகத் தூங்கினால் காசும் கொடுத்தார்கள். ராத்திரித் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. வேலையில், கூலியில், மனநிலையில் என்ன முன்னேற்றம்? ஒன்றும் இல்லை. பெரிய பலன் இருக்கும் என்று முன்கூட்டியே கணித்திருந்த வல்லுநர்களுக்கு முகத்தில் அடித்தது போல ஆயிற்று. துண்டு துண்டாக உடைந்த தூக்கத்தில் இன்னும் இரண்டு துண்டைச் சேர்ப்பதால் ஆவது குறைவு என்பதே அவர்களும் முன்வைக்கும் ஒரு விளக்கம்.

பலன் வந்தது வேறு இடத்திலிருந்து. வேறொரு பிரிவினரை மத்தியானம் வேலையிடத்திலேயே, அமைதியான மூலையில், அரை மணி நேரம் படுக்கவிட்டார்கள். அவர்களுக்கு வேலை வேகம் கூடியது, கவனம் கூடியது, மனசும் தெளிந்தது. தூங்கிய நேரத்துக்குக் கூலி போய்விட்டதால் அந்த அரை மணியும் விடாமல் வேலை செய்தவர்களைவிடக் கையில் வந்த காசு குறைவுதான். எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று அறிவுரை சொல்கிற பத்திரிகைகள், இந்தப் பத்தி உட்பட, யாரைப் பார்த்துச் சொல்கின்றன என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

● உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு. ஆனால் பழி முழுவதும் சோற்றின் மேல் இல்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தவிர்த்தவர்களுக்கும் இரண்டு, மூன்று மணிவாக்கில் ஒரு தொய்வு வருகிறது. உடம்பின் கடிகாரத்திலேயே அப்படி ஓர் இறக்கம் இருக்கிறது; சோறு அதைக் கூட்டிவிடுகிறது.

● பதின்வயதுப் பிள்ளை ராத்திரி 11 மணி வரை விழித்திருந்து காலையில் எழ மறுப்பதற்குச் செல்போன் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அமெரிக்காவின் மேரி கார்ஸ்கடான் பல ஆண்டு ஆராய்ந்து காட்டினார்: பருவமடையும்போது உடம்புக் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கூப்பிடும் மெலடோனின் தாமதமாகத்தான் சுரக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் இதை ஏற்றுச் சட்டமே போட்டது. 2022 ஜூலை முதல் அங்கே உயர்நிலைப் பள்ளி காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது.

நம் ஊரில் பிளஸ் டூ பிள்ளைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு டியூஷன். சாயங்காலம் சிறப்பு வகுப்பு. ராத்திரி ரிவிஷன். 14 முதல் 17 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை என்கிறது அமெரிக்கத் தேசியத் தூக்க அறக்கட்டளை. பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் மண்டையில் ஏறும் என்பவர்கள், அந்தக் காலத்தில் எட்டு மணிக்கே விளக்கணைத்துப் படுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

● மற்ற வயதுகளுக்கு அதே அமைப்பின் 2015 பட்டியல்: பிறந்த குழந்தை 14–17 மணி நேரம், ஒன்றிரண்டு வயது 11–14, மூன்று முதல் ஐந்து 10–13, ஆறு முதல் பதிமூன்று 9–11, பெரியவர்கள் 7–9, 65 தாண்டினால் 7–8.

● நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைக் காட்டுவதாக ராமானுஜன் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். தாயார் எங்கள் எல்லைக்கு அப்பாற்பட்டவர். தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசலாம். ஜெர்மனியில் உல்ரிச் வாக்னர், யான் போர்ன் குழு 2004-இல் ஒரு எண் புதிரைக் கொடுத்தது. அதற்குள் ஒரு குறுக்குவழி ஒளிந்திருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. புதிரைக் கொஞ்சம் போட்டுவிட்டு எட்டு மணி நேரம் தூங்கி வந்தவர்களில் குறுக்குவழியைக் கண்டவர்கள், அதே எட்டு மணி நேரம் விழித்திருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். பகலில் படித்ததைத் தூக்கத்தில்தான் மூளை அடுக்கி வைக்கிறது. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி கண் விழித்துப் படிக்கிற பிள்ளை, அடுக்கி வைக்க வேண்டிய ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சரக்கை மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கிறது.

● சளி பிடிக்குமா பிடிக்காதா? அமெரிக்காவில் 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் அளந்துவிட்டு, மூக்கில் சளி வைரஸைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைப் போல நாலு மடங்குக்கும் மேல் (2015).

● ராத்திரி விழித்திருந்தால் பிஸ்கட் டப்பாவைக் கை தேடுவது மனக்கட்டுப்பாடு இல்லாததால் மட்டும் வருவதில்லை. சிகாகோவில் ஈவ் வான் காட்டர் குழு 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டது. ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, ‘பசிக்கிறது’ என்று கத்தும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. அதே குழுவின் 1999 ஆய்வில் ஆறு இரவு அரைத்தூக்கத்துக்குப் பிறகு, திடகாத்திரமான இளைஞர்களின் ரத்தச் சர்க்கரை கையாளப்படும் விதம் சர்க்கரை நோயின் தொடக்கத்தைப் போல மாறியிருந்தது. பத்துக் கோடிச் சர்க்கரை நோயாளிகள் உள்ள நாட்டில் டாக்டர்கள் சோற்றைக் கேட்கிறார்கள், நடையைக் கேட்கிறார்கள். ‘எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?’ என்று கேட்பவர் குறைவு.

● ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கி ஈடுகட்டிவிடலாமா? அசதி ஓரளவு குறையும். ஆனால் கொலராடோ பல்கலைக்கழகம் 2019-இல் சோதித்தபோது, வார இறுதியில் அள்ளித் தூங்கிவிட்டு மறுபடி குறைத் தூக்கத்துக்குத் திரும்பியவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் திறன் கெட்டது கெட்டபடியே இருந்தது.

● ராத்திரி ஷிஃப்டைப் ‘புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகக் கூடியது’ என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது; 2019-இல் மறுபடி ஆராய்ந்து உறுதி செய்தது. பகலில் எட்டு மணி நேரம் தூங்கினாலும் ராத்திரிக்கு ஈடாகாது. வெளிச்சமும் வெக்கையும் பாத்திரக்காரர் குரலும் ஒருபுறம். உடம்புக் கடிகாரம் எழுப்பிக்கொண்டே இருப்பது மறுபுறம். மில் தொழிலாளி, நர்ஸ், கால் சென்டர் பையன், வாட்ச்மேன், எல்லோருக்கும் இதே கதைதான். பகலில் தூங்குகிறவர் வீட்டுக் கதவைத் தட்டுமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

● ‘மனுஷன் படுத்ததும் குறட்டை, என்ன நிம்மதியான தூக்கம்!’ என்று பொறாமைப்படுகிறோம். பல நேரங்களில் அது மூச்சுக்குழல் அடைபட்டு, ஆக்சிஜன் இறங்கி, மூளை திடுக்கிட்டு எழுப்பும் சத்தம். மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் இப்படி மூச்சு தடைபட்டாலே டாக்டர்கள் கவனிக்க வேண்டியது என்பார்கள்; முப்பதைத் தாண்டுவோரும் உண்டு. காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், அடங்காத ரத்த அழுத்தம் ஆகியவை அதன் அடையாளங்கள். குறட்டை நடுவில் நின்று, பிறகு திணறலோடு தொடங்குகிறதா என்று பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும்.

இதற்கு இன்று கொடுக்கப்படும், மூச்சுக்குழலுக்குள் காற்றைத் தள்ளும் சிபாப் கருவியை 1981-இல் உலகுக்குச் சொன்னவர் சிட்னி டாக்டர் காலின் சல்லிவன். ஆரம்பக் கருவிகளில் காற்றைத் தள்ளியது வாக்குவம் கிளீனர் மோட்டார்.

● நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்தது போல, கை கால் அசையாமல், கத்த நினைத்தும் குரல் வராமல் ராத்திரியில் விழித்திருக்கிறீர்களா? நம் ஊரில் அதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். கனவு காணும் நேரத்தில், கனவில் ஓடினால் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைக் கட்டிப்போட்டிருக்கும். கட்டு அவிழுமுன் முழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். தூக்கம் கெட்டவர்களிடமும் மல்லாந்து படுப்பவர்களிடமும் பேய் அதிகம் வருகிறது. ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்தில் போய்விடும்.

● அந்தக் கனவுத் தூக்கத்தை, கண்மணி விறுவிறுவென ஓடும் நிலையை, 1953-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் சிகாகோவின் யூஜின் அசெரின்ஸ்கியும் அவர் குரு நதேனியல் கிளைட்மனும். அசெரின்ஸ்கி மின்கம்பி ஒட்டிச் சோதித்தவர்களில் அவருடைய எட்டு வயது மகனும் ஒருவன். கிளைட்மன் அதற்கும் மேலே. 1938-இல் கென்டக்கியின் மாமத் குகைக்குள் மாணவர் ஒருவரோடு 32 நாள் குடியிருந்து, ஒரு நாளை 28 மணி நேரமாக்கி வாழ்ந்து பார்த்தார். எலி ஏறாமலிருக்கக் கட்டில் கால்களை மருந்துத் தண்ணீர் டப்பாக்களில் வைத்தார்கள். இளைஞர் பழகிக்கொண்டார், நாற்பதைத் தாண்டிய குரு கடைசி வரை பழகவில்லை. அவர் 104 வயது வரை வாழ்ந்தார்.

● அன்டார்க்டிகாவில் முட்டை காக்கும் சின்ஸ்டிராப் பெங்குவின் ஒரு தடவைக்கு நாலு வினாடிதான் தூங்குகிறது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல். கூட்டினால் 11 மணி நேரம்! டால்ஃபின் மூளையில் பாதியைத் தூங்கவிட்டு மறு பாதியால் நீந்தும். ஃபிரிகேட் பறவை கடல் மேல் நாள்கணக்கில் பறக்கும்போது ஒரு நாளைக்குத் தூங்குவது 42 நிமிடம். கரை சேர்ந்ததும் 12 மணி நேரம். மூளையே இல்லாத ஒரு வகை ஜெல்லி மீன் கூட ராத்திரியில் அசைவு குறைந்து தூங்குகிறது. தூங்கவிடாமல் தொந்தரவு செய்தால் மறுநாள் மந்தமாகிறது.

● தான்சானியாவின் ஹட்ஸா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே. மின்விளக்கோ செல்போனோ அவ்வளவாக எட்டாத இம்மூன்று மக்களின் தூக்கத்தை ஜெரோம் சீகல் குழு 2015-இல் அளந்தது. பொழுது சாய்ந்ததும் படுத்து ஒன்பது மணி நேரம் தூங்குவார்கள் என்று நாம் நினைத்திருப்போம். உண்மையில் தூங்கியது 5.7 முதல் 7.1 மணி நேரம். சூரியன் மறைந்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுக்கை. ஆனால் தூக்கம் வரவில்லை என்று புலம்பியவர்கள் மிகச் சிலர். எட்டு மணி நேரம் என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஏழு மணி நேரத்திலேயே எழுந்துவிட்டோமே என்று கவலைப்பட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

● வனவாசம் 14 ஆண்டும் லட்சுமணன் கண் துஞ்சவில்லை என்கிறது கதை. அவன் பங்குத் தூக்கத்தையும் சேர்த்து அயோத்தியில் ஊர்மிளை தூங்கினாள் என்று ஆந்திர நாட்டுப்பாடல் மரபு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. தூக்கக் கணக்கு எங்கேயாவது நேராக வேண்டும் என்று கதை கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அமர்ந்த மரம் உறங்காப்புளி, ராமானுஜரின் சீடர் பிள்ளை உறங்காவில்லி தாசர், மதுரை தூங்காநகரம். வள்ளுவரும் கெட்டுப்போகிறவர் விரும்பி ஏறும் கலங்கள் நான்கில் துயிலையும் ஒன்றாக வைத்துவிட்டார். விழிப்பைக் கொண்டாட நமக்கு ஆயிரம் பெயர்கள். நல்ல தூக்கத்துக்குப் பேர்போனவன் என்றால் கும்பகர்ணன் ஒருவன்தான், அவனையும் பாதித் தூக்கத்தில் எழுப்பிச் சண்டைக்கு அனுப்பிவிட்டோம்.

● 1984-இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயது மாணவி மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தார். கவனித்தவர்கள் பயிற்சி மருத்துவர்கள். நீண்ட ஷிஃப்டில், பல நோயாளிகளுக்கு நடுவே. பத்திரிகையாளரான தந்தை விடாமல் போராட, 1989-இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று உச்சவரம்பு விதித்தது. வரம்பே 80! 2004-இல் ஹார்வர்ட் குழு ஒப்பிட்டபோது, 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த பயிற்சி மருத்துவர்கள், ஷிஃப்ட் குறைக்கப்பட்டவர்களைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேல் கூடுதலான கடும் தவறுகள் செய்திருந்தார்கள். நம் மத்திய அரசும் 1992-இல் ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த பி.ஜி. மாணவர் யாரிடமாவது அதைப் படித்துக் காட்டுங்கள், சிரிப்பார்.

● தூங்க நேரம் கொடுக்காதது ஒன்று. நேரம் கொடுத்தும் தூக்கம் வராதது வேறு, அது வியாதி. அதற்கு முதல் சிகிச்சை மாத்திரை என்று நினைக்க வேண்டாம் என 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி அறிவுறுத்தியது. பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் உளவியல் பயிற்சியைத்தான் முதலில் வைத்தது. அதில் ஒரு விதி கேட்க விசித்திரமாக இருக்கும்: இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுங்கள், கண் சொருகும்போது திரும்புங்கள். படுக்கையில் புரண்டு புரண்டு, படுக்கை என்றாலே விழிப்பு என்று உடம்பு பழகிவிடக் கூடாது.

● ஆளை அடிக்காமல், காயம் தெரியாமல் வதைக்க எளிய வழி தூங்கவிடாதிருப்பது. வட அயர்லாந்தில் 1971-இல் பிரிட்டிஷார் கைதிகள் மேல் பயன்படுத்திய ‘ஐந்து உத்தி’களில் அதுவும் ஒன்று. அந்த உத்திகள் மனிதத்தன்மையற்றவை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2012-இல், ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் போலீஸ் நள்ளிரவில் கலைத்த வழக்கில், தூக்கம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமைகளில் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். 2024 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. அமலாக்கத் துறை ஒரு முதியவரை நள்ளிரவு தாண்டி அதிகாலை வரை விசாரித்திருந்தது. அவர் சம்மதித்தார் என்றது துறை. சம்மதமோ இல்லையோ, தூங்க வேண்டிய நேரத்தில் வாக்குமூலம் வாங்கக் கூடாது, தூக்கமிழந்தவரின் மனத்திறன் பாதிக்கப்படும் என்று சொல்லி, விசாரணைக்கு நேரம் குறித்துச் சுற்றறிக்கை விடும்படி உத்தரவிட்டது.